எதை ஜெயிச்சா ஜெயிப்பு? சோழர் கேம் ஆடுறவங்களுக்கு ராஜேந்திரன் வச்ச பாடம்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா லேசா சுருக்கப்பட்டிருக்கு.)

இந்த வார எபிசோட் ஒரு நேயரோட கேள்வியிலேர்ந்து கிளம்பினது. அடையாறுல இருக்கிற ஒரு காலேஜ் பையன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுறவர். அவர் அனுப்பின வாய்ஸ் நோட்டோட சாரம் இதுதான்: "அண்ணா, திராவிடர்கள் எடுத்துதான் ஆடுறேன். படை எப்பவும் பெருசா இருக்கு. ஸ்கோர்லயும் முன்னாடி இருக்கேன். ஆனா மேட்ச் மட்டும் கைநழுவிப் போயிடுது. என்ன பண்றது?"

தம்பி, பதில் ஒரு வரிதான். எதைச் செஞ்சா இந்த கேம் "நீ ஜெயிச்சுட்ட"ன்னு சொல்லும்? அதை முதல்ல முடிவு பண்ணு. படை அப்புறம்.

ஆனா ஒரு வரியில எபிசோடை முடிச்சா நீங்க என்னைத் திட்டுவீங்க. அதனால கொஞ்சம் விரிவா பேசலாம். பேசும்போது நிஜமான ராஜேந்திர சோழனையும் கூட்டிக்கிட்டு வர்றேன். ஏன்னா விக்டரி கண்டிஷன்னா என்னன்னு அந்த ஆளை விட நல்லா சொல்லித் தர ஆள் கிடையாது.

லிஸ்ட் இல்லாம ரங்கநாதன் தெருவுக்குப் போகாதீங்க

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போயிருக்கீங்களா? லிஸ்ட் இல்லாம போனா என்ன ஆகும்? ரெண்டு கையிலயும் பை நிறைஞ்சிருக்கும். பர்ஸ் காலி ஆகியிருக்கும். மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறும்போதுதான் ஞாபகம் வரும், அம்மா சொல்லி அனுப்பின அந்த ஒரே ஒரு பொருளை வாங்கலைன்னு.

நிறைய பேர் ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுறது இப்படித்தான். கிடைச்சதை எல்லாம் சேர்க்குறாங்க. திரையோட மூலையில ஸ்கோர் ஏறிக்கிட்டே இருக்கு. ராணுவம், பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம்னு நாலு கணக்கையும் கூட்டி வர்ற எண் அது. பார்க்க நல்லா இருக்கும். ஆனா லாபியில ஸ்கோர் விக்டரின்னு செட் பண்ணாத வரைக்கும் அந்த எண்ணால யாரும் ஜெயிக்கப் போறதில்லை.

அதனால மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லாபியில விக்டரிங்கிற இடத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கான்குவெஸ்ட்னு இருந்தா எதிரியை முழுசா ஒழிச்சாதான் ஆட்டம் முடியும். ஸ்டாண்டர்ட்னு இருந்தா மூணு வாசல் திறந்திருக்கு. எதிரியை ஒழிக்கிறது ஒண்ணு. மேப்ல இருக்கிற எல்லா ரெலிக்கையும் கைப்பற்றி வச்சிருக்கிறது இன்னொண்ணு. ஒரு வொண்டரைக் கட்டிக் காப்பாத்துறது மூணாவது. ரெலிக்கும் வொண்டரும் பொதுவா 200 வருஷ கவுண்ட்டவுன். கேம் வருஷம்தான், பயப்படாதீங்க.

கேம்பைன் ஆடுறீங்கன்னா ஆப்ஜெக்டிவ்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை முழுசா படிங்க. பக்கத்துலயே ஹின்ட்ஸ், ஸ்கவுட்ஸ்னு ரெண்டு பக்கம் இருக்கு. அதை மூடிட்டு ஓடுற அவசரம்தான் பாதித் தோல்விக்குக் காரணம்.

கையில இருக்கிற சீட்டு என்ன?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதல்ல வந்தது 1999-ல. இங்க மயிலாப்பூர், தி.நகர் பிரவுசிங் சென்டர்கள்ல மணிக்கணக்குக்குக் காசு குடுத்து ஆடின ஒரு தலைமுறையே இருக்கு. ஆனா நம்ம ஊர்க்காரங்களை எடுத்து ஆட 2022 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பத்தான் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தது. திராவிடர்கள்னு ஒரு நாகரிகம், ராஜேந்திரன் பேர்ல ஒரு கேம்பைன்.

இந்த திராவிடர்கள்கிட்ட என்ன இருக்கு? ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இலவசம். பேரக்ஸ் தொழில்நுட்பம் எல்லாம் பாதி விலை. முற்றுகை ஆயுதங்களுக்கு மரச்செலவு கம்மி. நல்ல கப்பல் படை, அதுல திரிசடைங்கிற பெரிய கப்பல். சுருள்வாள் சுழட்டுற வீரர்கள். இம்பீரியல் ஏஜ்ல ஊட்ஸ் ஸ்டீல் எடுத்தா உங்க ஆள் அடிக்கிற அடி எதிரியோட கவசத்தையே கண்டுக்காது. பேட்ச் வர்றப்ப எண்கள் மாறலாம், குணம் இதுதான்.

என்ன இல்லை? நைட் இல்லை. குதிரைப்படை பலவீனம். நம்ம நேயரோட பிரச்சினை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்கதான். குதிரை பலமில்லாத படையை வச்சுக்கிட்டு, பெரிய தரை மேப்ல, எதிரியைத் துரத்தித் துரத்தி அடிக்கப் பார்க்கிறார். கான்குவெஸ்ட்ல கடைசியில எதிரியோட ஒரு வில்லேஜர் மேப்போட ஏதோ ஒரு மூலைக்கு ஓடிப்போய் புதுசா டவுன் சென்டர் கட்ட ஆரம்பிப்பான். அவனைப் பிடிக்க வேகம் வேணும். காலாள் படை போய்ச் சேர்றதுக்குள்ள அங்க ஒரு ஊரே எழும்பியிருக்கும்.

கான்குவெஸ்ட்தான் ஆடியாகணும்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, தண்ணி மேப்பைத் தேர்ந்தெடுங்க. ரெண்டு, எதிரியோட மதிலை உடைக்கிறதை விட அவனோட வில்லேஜர்களை வேலை செய்ய விடாம தடுக்கிறது முக்கியம். மீன்பிடி படகு, மரம் வெட்டுற இடம், தங்கச் சுரங்கம். இந்த மூணையும் அடிச்சா படை தானா வத்திப் போகும்.

தலைமுறை தலைமுறையா தேடின ரெலிக்

இப்ப வரலாற்றுக்கு வருவோம். ராஜேந்திரன் 1012-ல இளவரசுப் பட்டம் கட்டினவன். 1014-லேர்ந்து 1044 வரைக்கும் ஆண்டவன். அவன் என்னென்ன ஜெயிச்சான்னு கேட்டா நாம உடனே நாடுகளோட பேரை அடுக்குவோம். ஆனா அவனோட மெய்க்கீர்த்தியைப் பாருங்க. கல்வெட்டுகளோட தொடக்கத்துல ராஜாவோட சாதனைகளைச் சொல்ற பகுதி அது. நாடுகளோட கூடவே பொருள்களும் அந்தப் பட்டியல்ல வருது. மணிமுடி, ஆரம், தோரணம்.

அந்த மணிமுடி கதையைக் கேளுங்க. பத்தாம் நூற்றாண்டோட தொடக்கத்துல பராந்தக சோழன்கிட்ட தோத்த பாண்டியன், தன்னோட முடியையும் பரம்பரை அணிகளையும் இலங்கை அரசன்கிட்ட குடுத்துட்டு சேர நாட்டுக்குப் போயிட்டான். மதுரை சோழன் கையில. ஆனா பாண்டியனோட முடி இல்லாம பாண்டிய நாட்டு அரசன்னு தன்னைச் சொல்லிக்க முடியல. பராந்தகன் அதை மீட்க இலங்கைக்குப் படை அனுப்பினான். கிடைக்கல. ரோகணத்துக்குக் கொண்டு போய் மறைச்சிட்டாங்க. பராந்தகனும் போய்ச் சேர்ந்தான். தலைமுறைகள் மாறிச்சு. கடைசியில 1017 வாக்குல ராஜேந்திரன் காலத்துலதான் அது சோழர் கைக்கு வந்தது.

அதாவது ஊரைப் பிடிச்சவனுக்கு ஒரு ரெலிக் பாக்கி. அதுக்காகப் பல தலைமுறைகள்.

இதுலேர்ந்து கேமுக்கு என்ன எடுத்துக்கலாம்? ரெலிக் விக்டரி பலருக்கும் ஞாபகமே இருக்காது. ரெலிக்கை தங்கம் தர்ற பொருளா மட்டும்தான் பார்ப்பாங்க. தங்கமும் முக்கியம்தான், ஒரு ரெலிக் நிமிஷத்துக்கு 30 தங்கம் தரும். ஆனா ஒரே ஒரு ரெலிக் மிச்சமிருந்தாலும் கவுண்ட்டவுன் ஆரம்பிக்காது. அதனால இருட்டா இருக்கும்போதே குதிரையை அனுப்பி ரெலிக் எங்கெங்க இருக்குன்னு குறிச்சு வச்சுக்கோங்க. கேஸில் ஏஜ் வந்ததும் மொனாஸ்டரி, மங்க், கூட ரெண்டு காவல். தனியா மங்க்கை அனுப்பாதீங்க.

இதையே திருப்பிப் போட்டா தற்காப்பு. எதிரி எல்லா ரெலிக்கையும் எடுத்து கவுண்ட்டவுன் ஓட ஆரம்பிச்சிடுச்சா? பதறாதீங்க. அவனோட ஊரையே அழிக்க வேண்டியதில்லை. ரெலிக் இருக்கிற ஒரே ஒரு மொனாஸ்டரியை உடைச்சா போதும். ரெலிக் வெளியில வந்து விழும், கவுண்ட்டவுன் நின்னுடும்.

அந்த ரெலிக் யாருடையது?

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். இது கேம் டிப்ஸ் இல்ல. ஆனா சொல்லாம போக மனசு வரல.

ராஜேந்திரனோட கல்வெட்டு இந்தப் படையெடுப்பைப் பெருமையா சொல்லுது. அதே சம்பவத்தை இலங்கையோட சூளவம்சம் வேற மாதிரி சொல்லுது. சோழப்படை விகாரைகளைக் கொள்ளையடிச்சதையும், புத்தரோட தாதுக்கள் வச்சிருந்த அறைகளை உடைச்சதையும், பொன் சிலைகளை எடுத்துட்டுப் போனதையும் அது பதிவு பண்ணியிருக்கு. அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டான். சோழ நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டு, 12 வருஷம் கழிச்சு, 1029-ல இங்கயே இறந்து போனான். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆச்சு. 1070-ல விஜயபாகு சோழர்களை வெளியேத்துற வரைக்கும் அந்த நிலைமை.

ஒரு பக்கம் ரெலிக்கை மீட்ட கதை. இன்னொரு பக்கம் ரெலிக் பறிபோன கதை. ரெண்டுமே நடந்த கதை.

"நம்ம சோழன் கெத்து"ன்னு ரீல்ஸ் போடுற வயசு நமக்கு. போடுங்க, தப்பில்லை. ஆனா கேம்ல எதிரி ஒரு கலர் மட்டும்தான். நீலம், சிவப்பு, பச்சை. வரலாற்றுல அவன் கலர் இல்லை. ஜெயிச்சவனோட கண்டிஷன் நிறைவேறின அன்னைக்கு, தோத்தவன் வீட்டுல என்ன நடந்ததுன்னும் தெரிஞ்சுக்கிறவன்தான் முழுசா வரலாறு படிச்சவன்.

தண்ணியைக் கொண்டு வந்தவன்

அடுத்தது கங்கை. 1022, 1023 வாக்குல ராஜேந்திரனோட படை வடக்க போச்சு. ராஜா கோதாவரிக் கரையில இருந்தான், படையை நடத்தினது தளபதி. வங்கத்துல மகிபாலனைத் தோற்கடிச்சதா கல்வெட்டு சொல்லுது. சரி, கான்குவெஸ்ட் கணக்குல பார்த்தா அடுத்து என்ன பண்ணணும்? வங்கத்துல ஒரு ஆளுநரைப் போடணும், வரி வாங்கணும். சோழன் அதைப் பண்ணல. கங்கைத் தண்ணியை எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டாங்க.

இதை அரைகுறை வெற்றின்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா அவன் தனக்குன்னு வச்சுக்கிட்ட கண்டிஷனே தண்ணிதான்னு வச்சுக்கிட்டா? கங்கைகொண்ட சோழபுரம்னு ஒரு புதுத் தலைநகர். சோழகங்கம்னு ஒரு பெரிய ஏரி. இப்ப அரியலூர் மாவட்டத்துல பொன்னேரின்னு சொல்றாங்க. வழக்கமா ராஜாக்கள் வெற்றிக்குக் கல்லுல தூண் நடுவாங்க. இவன் தண்ணியிலேயே வெற்றித்தூண் எழுப்பினான்னு திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வர்ணிக்குது. அந்தத் திருவாலங்காடு ஒண்ணும் தூரம் இல்ல, சென்ட்ரல்லேர்ந்து அரக்கோணம் லோக்கல் ஏறினா போற வழியில வர்ற ஊர்தான்.

வேலை எங்க முடியுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. வங்கத்தைக் கட்டி ஆள நினைச்சிருந்தா, அவ்வளவு தூரத்துக்கு சோறும் குதிரையும் அனுப்பியே காவிரி வத்திப் போயிருக்கும்.

சிவிலைசேஷன் 6 ஆடுறவங்க இதைக் குறிச்சுக்கோங்க. அதுல டாமினேஷன் விக்டரிக்கு எல்லா ஊரையும் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு எதிரியோட ஒரிஜினல் தலைநகரும் கைக்கு வந்தா போதும். புதுசா ஆடுறவங்க வழியில தெரியுற குட்டி ஊரையெல்லாம் பிடிச்சுக்கிட்டே போவாங்க. தலைநகர் வாசலுக்குப் போய்ச் சேரும்போது படையும் இருக்காது, டர்னும் இருக்காது.

கடாரம்: நிலமா, வழியா?

1025. ஸ்ரீவிஜயத்து மேல கடல் படையெடுப்பு. கடாரம் இன்னைக்கு மலேசியாவுல இருக்கிற கெடா. சங்கிராம விஜயோத்துங்கவர்மன்ங்கிற அரசனையே பிடிச்சதாவும், அவனோட வித்யாதர தோரணத்தை எடுத்ததாவும் கல்வெட்டு சொல்லுது. இங்கயும் சோழன் நாட்டைத் தன் ஆட்சியில இணைச்சுக்கல.

அப்ப எதுக்குப் போனான்? பல வரலாற்றாளர்கள் சொல்றது கடல் வழி வணிகம். சீனாவுக்குப் போற பாதையோட கழுத்து மலாக்கா நீரிணை. அது ஸ்ரீவிஜயம் கையில. ராஜராஜன் அனுப்பின தூதுக்குழு 1015-ல சீனா போய்ச் சேர்ந்தது. ராஜேந்திரனோட தூது 1033-ல. இத்தனைக்கும் ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜயம் நட்பு நாடு. நாகப்பட்டினத்துல அவங்க கட்டின சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரோட வருமானத்தையே சோழன் எழுதிக் குடுத்திருக்கான். டிப்ளமசி பட்டன் மாறின கதை இது.

படை திரும்பி வந்துடுச்சு, ஆனா வணிகர்கள் போய்க்கிட்டே இருந்தாங்க. சுமத்ராவுல பாரூஸ் பக்கத்துல 1088-ம் வருஷத்து தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வச்சது. கடாரத்தை அடிச்சு 60 வருஷம் கழிச்சும் நம்ம வியாபாரி அங்க கணக்கு எழுதிக்கிட்டு இருந்திருக்கார்.

2025-ல வந்த சிவிலைசேஷன் 7-ல சோழர்கள் எக்ஸ்ப்ளரேஷன் ஏஜ்ல வர்றாங்க. கேம் வந்தப்ப அங்க பொருளாதாரப் பாதைக்கு தொலைதூர நிலத்துலேர்ந்து ட்ரெஷர் ஃப்ளீட்டைத் தாயகத்துக்குக் கொண்டு வரணும்னு இருந்தது. சோழரை எடுத்துட்டு பக்கத்து வீட்டோட தரைச் சண்டையில மாட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, கையில இருக்கிற சீட்டை மடக்கி வச்சிட்டு ஆடுறீங்கன்னு அர்த்தம். கடலைப் பாருங்க.

வொண்டர் கட்டுறவங்களுக்கு

கடைசியா வொண்டர். ஏஜ் 2-ல மரம் 1000, கல் 1000, தங்கம் 1000. கட்டுறது சுலபம், காப்பாத்துறதுதான் கஷ்டம். நீங்க கட்டுறது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சேர்ந்து உங்க வீட்டு வாசலுக்கு வருவாங்க.

அதனால கல்லைக் கேஸில் ஏஜ்லேர்ந்தே ஒதுக்குங்க. கேஸிலுக்கும் அதே கல்தான், மதிலுக்கும் அதே கல்தான். பழுது பார்க்க வில்லேஜர்களை வொண்டர் பக்கத்துலயே நிறுத்துங்க. முக்கியமான ஒண்ணு: எதிரி ட்ரெபுஷே கொண்டு வந்து தூரத்துலேர்ந்து அடிப்பான். அதை ஓடிப்போய் உடைக்க வேகமான குதிரை வேணும். திராவிடர்கள்கிட்ட அது பலவீனம்னு சொன்னோம். அப்ப என்ன வழி? தீவு மேப். எதிரியோட ட்ரெபுஷே கப்பல் ஏறித்தான் வந்தாகணும். கடல் உங்க கையில இருந்தா அது கரை சேராது. பலவீனத்தை மேப்பே மறைச்சிடும்.

தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல முடிஞ்சது. சோழ ஆட்சி 1279 வாக்குல முடிஞ்சது. கங்கைகொண்ட சோழபுரத்துல அரண்மனை இருந்த இடம் இப்ப மாளிகைமேடுங்கிற செங்கல் மிச்சம். 1836-ல கொள்ளிடத்துல அணைக்கரை கட்ட அந்தக் கோயிலோட மதில் கல்லையே பெயர்த்து எடுத்துட்டுப் போனாங்க. ஆனா விமானம் நிக்குது. இலங்கை போச்சு, கங்கை வரைக்கும் போன படை போச்சு, கடாரத்துப் பெருமை கல்வெட்டுல மட்டும் இருக்கு. ராஜராஜனும் ராஜேந்திரனும் ஜெயிச்சதுல இன்னும் கவுண்ட்டவுன் ஓடிக்கிட்டு இருக்கிறது வொண்டர் மட்டும்தான். 200 வருஷம் இல்ல, 1000 தாண்டிடுச்சு.

இன்னொரு சின்ன சங்கதி. அடையாறுலேர்ந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல திருவான்மியூர். மருந்தீஸ்வரர் கோயில்ல சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. பொதுவா சோழர் காலக் கோயில்கள்ல என்ன எழுதியிருக்கும்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் நிலக்கொடை, விளக்குக்கொடை. ஒரு விளக்கு அணையாம எரிய 90 ஆடு, 96 ஆடுன்னு குடுப்பாங்க. அந்த ஆட்டுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. வாங்கினவர் மந்தையோட எண்ணிக்கை குறையாம பார்த்துக்கிட்டு, தினமும் நெய் அளக்கணும். ஏஜ் 2 பண்ணை மாதிரி தீர்ந்து போய் மறுபடி விதைக்கிற கதையே இல்லை. இந்தப் பொருளாதாரம் கீழ ஓடிக்கிட்டு இருந்ததாலதான் மேல வொண்டர் எழும்பிச்சு.

அடுத்த மேட்சுக்கு முன்னாடி

ஆக, அடுத்த தடவை ஸ்டார்ட் பட்டனை அமுக்கும்போது மூணு கேள்வி கேட்டுக்கோங்க. இந்த மேட்ச்ல எதைச் செஞ்சா ஜெயிப்பு? என் கையில இருக்கிற நாகரிகத்துக்கு அதுல எந்த வாசல் பக்கம்? என் எதிரி எந்த வாசல் வழியா போயிட்டு இருக்கான், அவனை நிறுத்த நான் உடைக்க வேண்டிய அந்த ஒரே ஒரு பொருள் எது?

மேட்ச் நடுவுல, இருபதாவது நிமிஷத்துல, இதே கேள்விகளை இன்னொரு தடவை கேளுங்க. நிலைமை மாறியிருக்கும். ரெலிக் போயிருந்தா வொண்டருக்குத் தாவுங்க. கடல் போயிருந்தா தரையில முற்றுகை ஆயுதத்தை வச்சு நேரா எதிரியோட டவுன் சென்டருக்குப் போங்க. ஆனா ஒரு நேரத்துல ஒரு வாசல்தான். மூணு வாசல்லயும் கால் வச்சா எந்த வாசல் வழியாவும் உள்ள போக முடியாது.

திராவிடர்கள் எடுத்து வொண்டர் விக்டரி அடிச்சவங்க இருந்தா ரெக்கார்டிங் அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த வாரம் சந்திக்கலாம்.